ஒட்டுக்குக் கீழே

“காயவிடாதே” என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தான் போய்விட்டார். காய்ச்சல்காரரின் நெற்றிக்கென மடித்ததுபோல் மடித்து நனைத்த சாக்குத்துண்டு, அதற்குள் பென்சில் தடிமனில் ஐந்தாறு குச்சிகள், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். சமையலறை மேசைமேல் வேறெதுவும் இருக்கக்கூடாதென்று ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். சாக்கு உலரத் தொடங்கும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் தெளிக்கவேண்டும். அவ்வளவுதான் எனக்கு இட்ட வேலை. வில்பட்டிக்குப் பேருந்தில் போய், மரங்களுக்கு ஒட்டுக்கட்டும் ஆரோக்கியத்தைக் கையோடு அழைத்துவர எத்தனை நேரமாகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்ட துணி நாள்கணக்கில் கொடியிலேயே ஈரமாகக் கிடக்கும் இந்தக் கொடைக்கானலில், தை மாதத்தில் மட்டும் எல்லாம் காய்ந்துவிடுகின்றன: உதடு, குதிகால், வாசற்கதவின் பலகை. விடியலில் புல்லின்மேல் உப்புப்போல் படிந்திருந்த உறைபனி இருந்த இடம் தெரியவில்லை. சன்னல் வழியாக வரும் வெயில் மேசையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் ஒரு முழம் நகர்ந்தால் சாக்கின்மேல் ஏறும். சாக்கை நகர்த்தி வைக்கலாம். நகர்த்தி வைக்கவேண்டும். அக்கா நட்ட பீச் மரத்தில் உயிரோடிருக்கும் ஒரே கிளையிலிருந்து வெட்டிய குச்சிகள் அவை. மற்றக் கிளைகளெல்லாம் பட்டுப்போய்விட்டன. அடிமரத்தில் பிசின் வடிந்து, தீய்ந்த வெல்லம்போல் கட்டிகட்டியாக உறைந்திருக்கிறது. பீச்சுக்கு ஆயுள் குறைவு, மாமரம்போல் பேரன் காலம்வரை நிற்காது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள்; அத்தான் காதில் வாங்கவில்லை. குச்சியை எடுத்து, பையில் வளர்த்திருக்கும் காட்டு பீச் செடியொன்றின்மேல் ஒட்டிவிட்டால் அது அக்கா மரத்தின் பிள்ளையன்று, அக்காவின் மரமேதான் என்கிறார். கொட்டை போட்டு முளைத்தால்தான் வேறொன்றாகிவிடுமாம். ஒட்டினால் அதே பூ, அதே பழம், அதே நிழல். அதே வத்சலா என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பீச் செத்த குழியில் மறுபடியும் பீச்சை வைத்தால் பிழைக்காதாகையால், வேறோர் இடம் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுச் சைப்ரஸ் மரங்களின் நிழலில் மூழ்கிக் கிடக்கும் இந்தத் தோட்டத்தில் வெயில் விழும் வேறோர் இடம் ஒன்றே ஒன்றுதான்: நான் துணி காயப்போடும் மூலை. நேற்றே கொடியை அவிழ்த்துச் சுருட்டிக் குழியும் தோண்டிவிட்டார். என்னைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேனா? அந்த மூலைக்கு நானும் ஒரு மரத்தைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். அத்தானுக்கு அது தெரியாது. கடந்த வைகாசியில் ஏரிக்குக் கீழேயுள்ள பெனிட்டாவின் நாற்றுப்பண்ணைக்கு ரோஜாப் பதியன் வாங்கப் போனவள், ரோஜாவை மறந்து, அங்கே வேலியோரம் நின்ற தாய்மரத்தின் அடியில் நின்றுவிட்டேன். பெனிட்டா ஒரு பழத்தைப் பறித்துத் தன் முந்தானையிலேயே துடைத்து, பாதியாகப் பிளந்து கையில் கொடுத்தாள். உள்ளே மஞ்சள். முட்டையின் கருவைப்போல், மங்கலமான மஞ்சள். கொட்டையைச் சுற்றிமட்டும் குங்குமம் கரைந்ததுபோல் ஒரு சிவப்பு. சாறு முழங்கைவரை வழிந்தது. “யாருக்குக்கா கன்னு? சார் அனுப்பினாரா?” என்றாள். எனக்குத்தான் என்றேன். சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். “அட, உங்களுக்கேவா! அப்ப நல்லதாப் பாத்து எடுக்கணும். சாருக்குன்னா எதையாச்சும் தலையிலே கட்டி அனுப்பிடலாம்” என்று சிரித்தாள். பிறகு மார்கழியில் ஒருமுறை போனேன். பேருந்துக்குக் காத்திருந்து, திரும்பிப் பார்த்து, திருட்டுக்குப் போகிறவளைப்போல் போனேன். இலை உதிர்ந்த ஒட்டுக்கன்றுகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தாள். “சில பீச்சுக்கு ரொம்பக் குளிர் வேணும்க்கா. நம்ம ஊருக் குளிர் அதுக்குப் பத்தாது. இலையும் ஒழுங்காக் கொட்டாது, பூக்கவும் பூக்காது, சும்மா மொறைச்சுக்கிட்டு நிக்கும். இது அப்படியில்லை. இருக்கிற குளிரே போதும்னு சொல்ற ரகம்.” இருக்கிற குளிரே போதும் என்கிற ரகம். அந்தச் சொற்களைப் பேருந்தில் வரும்போது மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். கன்றின் அடித்தண்டில் முட்டியைப்போல் புடைத்திருந்த ஓரிடத்தைக் காட்டி, “இதுதான் ஒட்டு. இதுக்கு மேலேதான் நான் குடுக்கிற ரகம். கீழே இருக்கிறது காட்டு பீச், சும்மா கால் மாதிரி. அதுலேருந்து துளிர் வந்தா உடனே கிள்ளிப் போட்டுடுங்க, விட்டா மேலே இருக்கிறதைத் தின்னுட்டு அது மரமாயிடும். மண்ணைக் குவிச்சு ஒட்டை மூடிடாதீங்க” என்றாள். தை முடியுமுன் வந்து எடுத்துக்கொள்ளவேண்டும். குளிர் போய்விட்டால் கன்று கண் விழித்துவிடும், பிறகு இடம் மாற்றக்கூடாது. அதுவரை எனக்காக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாள். தை பாதி போய்விட்டது. குழியும் தோண்டியாயிற்று. குழி எனக்கில்லை. வெயில் மேசையின் நடுவுக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் ஏன் இன்னும் நாற்காலியை விட்டு எழவில்லை?

எழுந்து ஒரு கை தண்ணீர் தெளிப்பது பெரிய வேலையன்று. இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் நான் செய்துவருவது அதைத்தானே. அக்கா வைத்துவிட்டுப் போனவை எவையும் காயாமல் பார்த்துக்கொள்வது. அவள் வைத்த வரிசையிலேயே இன்றும் மல்லி, மிளகாய், சீரக டப்பாக்கள். அவளுடைய அரக்கு நிறச் சுவெட்டர்தான் இப்போதும் என்மேல் இருக்கிறது. “உனக்கும் அவளுக்கும் ஒரே அளவுதானே, எதுக்கு வீணா இன்னொண்ணு?” என்று அம்மா சொன்னாள். சுவெட்டரைப்பற்றி மட்டும் சொன்னாள் என்றா நினைத்தேன்? மஞ்சள்காமாலை வந்து ஒரே மாதத்தில் அக்கா போனபோது, நட்ட மரம் முதற்பூவைக்கூட விட்டிருக்கவில்லை. நான் மதுரையில் வக்கீல் அலுவலகமொன்றில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கலியாணமாகாமல், ஆகவேண்டும் என்ற தவிப்பும் அடங்கி, மாலையில் வைகைப் பாலத்தின்மேல் தனியாக நடந்துபோவதில் ஒருவகை நிம்மதி கண்டிருந்த வயது. அம்மா விடுதி அறைக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “அந்த மனுஷன் ஒண்டியாக் கெடக்கார்டி. தெரியாத வீட்டிலேருந்து ஒருத்தி வந்து வத்சலாவோட சாமானையெல்லாம் தூக்கிப்போடுறதுக்கு, நீ போனா என்ன?” ஆகவே நான் சாமான்களைக் காப்பாற்ற வந்தேன். அக்காவின் கணவரை அத்தான் என்று அழைத்துவந்த எனக்கு, என் கணவரை அழைக்கப் புதுச்சொல் தேடவேண்டிய தொல்லைகூட இருக்கவில்லை. தொடக்கத்தில் அவர் “வத்” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தி, இருமி, “அமிர்தா” என்பார். இப்போதெல்லாம் நிறுத்துவதில்லை. வத்சலா என்று முழுதாகவே அழைத்துவிடுகிறார். நானும் என்ன அத்தான் என்று திரும்பிவிடுகிறேன். அது அவர் பிழையா, என் பிழையா? அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் அப்படித்தான், புடவைக்கடையில் நான் எதையும் எடுக்கமாட்டாமல் நிற்கும்போது, “பாருங்க, இவ இன்னும் கொஞ்ச நேரம் நின்னா கடைக்காரரே கட்டிக்கிட்டுப் போயிடுவார்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிச் சிரித்து, தானே ஒன்றை உருவி என் தோளில் போடுவாள். அது எனக்குப் பொருத்தமாகவும் இருந்துவிடும். அதுதான் தாங்கமுடியாதது. அவள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் எனக்குப் பொருத்தமாகவே இருந்துவிட்டன. ஒரு பழத்தைத் தவிர. அந்த மஞ்சள் பழத்தை அவள் பார்த்ததில்லை. அவள் காலத்தில் அந்த ரகம் இந்த மலைக்கு வந்திருக்கவில்லை. ஆகவே அது என்னுடையதாக இருக்கமுடியும்.

வெயில் சாக்கின் ஒரு முனையில் ஏறிவிட்டது. அந்த முனைமட்டும் நிறம் வெளிறுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு செயலா என்று யாரையாவது கேட்கலாம் போலிருக்கிறது. அத்தான் வந்து தொட்டுப் பார்ப்பார், காய்ந்துவிட்டதே என்பார், கண் அசந்துட்டேன் அத்தான் என்பேன். திட்டமாட்டார். திட்டியதே இல்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பார். பிறகு அந்தக் குழி சும்மா கிடக்கும். ஒரு வாரம் கழித்து, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல், பெனிட்டா தன்கிட்ட ஒரு கன்னு இருக்குன்னு சொன்னா என்று நான் தொடங்கலாம். எவ்வளவு சுலபம். சாக்கின் வெளிறிய முனை இப்போது உள்ளங்கை அகலம் ஆகியிருக்கிறது. பின்பக்கத் தகரக்கூரையில் ஏதோ உரசுகிறது. பட்டுப்போன கிளைதான், காற்று வந்தால் அப்படித்தான் உரசும், எத்தனையோ வருடமாகக் கேட்டதுதான். ஆனால் காற்று இல்லை. சைப்ரஸின் நுனிகூட அசையவில்லை. குரங்காக இருக்கும். குரங்கு என்றால் தடதடவென்று ஓடும். இது நகத்தால் கீறுவதுபோல், நின்று நின்று, ஒருவர் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு கீறுவதுபோல். சுவெட்டரின் கழுத்துப் பட்டை இறுக்கமாக இருக்கிறது. அக்கா, நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் தவறா? மூன்று வருடங்களுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது கூடத்தில் மாட்டியிருந்த அவள் படத்தைக் கழற்றினேன். மறுபடி மாட்டும்போது உள்ளறையில் மாட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை, கூடத்துச் சுவரில் ஆணி நிற்கவில்லை. அப்படித்தான் சொன்னேன். அந்த ஆண்டு மரம் வேறு மாதிரிப் பூத்தது. அதுவரை அகன்ற இதழ்களோடு, பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்பாகப் பூத்த மரத்தில், ஒரு கிளைமட்டும் சின்னச்சின்னதாக, அழுத்தமான நிறத்தில், கிள்ளிய கன்னம்போல் பூத்தது. காய்த்ததும் சிறியதாக, புளிப்பும் கொட்டையருகே கசப்புமாக இருந்தது. நான் ஒரு கடிக்குமேல் விழுங்க முடியாமல் முந்தானைக்குள் துப்பினேன். அத்தான் வெயிலில் நின்று நான்கைந்தைத் தின்றார். “வத்சலா வெச்ச மரமாச்சே. அதே ருசி” என்றார். அவர் நாக்கும் கண்ணைப்போல் மங்கிவிட்டதா, அல்லது அவருக்குமட்டும் இனிக்கும்படி அவள் செய்கிறாளா என்று அன்று இரவெல்லாம் எனக்குக் குழப்பம். அதன்பின் ஒவ்வொரு வருடமும் மற்றக் கிளைகள் ஒன்றொன்றாகப் பட்டுப்போக, கசக்கும் கிளைமட்டும் தழைத்துக்கொண்டே வந்தது. என்னிடம் அவள் கசப்பைத் தவிர வேறெதையும் காட்டப்போவதில்லை என்று புரிந்துகொண்டேன். படத்தைத் திரும்பக் கூடத்தில் மாட்டவுமில்லை. பயமும் பிடிவாதமும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றனவோ, இருந்தன.

உரசும் ஒலி நின்றுவிட்டது. அது நின்றது இன்னும் மோசம். நான் எழுந்துவிட்டேன், என் கால்கள்தாம் எழுந்தன. சாக்கை நிழலுக்கு இழுத்து, சொம்பைக் கவிழ்க்காத குறையாகத் தண்ணீரைக் கொட்டுகிறேன். மேசையிலிருந்து தரைக்கு ஒழுகுகிறது. உள்ளே நனைந்ததா என்று பார்க்கப் பிரித்தேன். அவ்வளவுதான் நோக்கம், வேறொன்றும் தேடவில்லை. ஐந்தாறு குச்சிகள், இலையில்லாமல், ஒரே நீளத்தில். ஒன்றைக் கையில் எடுத்தேன். மெலிந்த குச்சி; பட்டை செம்மண் நிறத்தில் பளபளக்கிறது; கணுக்கள் நெருக்கமாக, மொட்டுகள் எள்ளைப்போல் சிறியவையாக, தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெனிட்டாவின் தாய்மரத்து மொட்டு பருத்து, பூனைக்குட்டியின் காதுபோல் பஞ்சுபடர்ந்திருந்தது. அது வேறு ரகம், வேறு மாதிரித்தான் இருக்கும். இருந்தாலும் அக்காவின் மரத்து மொட்டு இப்படியா இருந்தது? தை மாதந்தோறும் அத்தான் கவாத்து செய்து போடும் கிளைகளைப் பொறுக்கி அடுப்புக்கு ஒடித்தவள் நான். என் விரல்களுக்கு அந்தக் கிளைகள் தெரியும். தடித்த கணு, சாம்பல் பூத்த பட்டை. விறகு மூலையில் அந்தப் பழைய சுள்ளிகள் இன்னும் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். காய்ந்ததற்கும் பச்சைக்கும் நிறம் வேறாகலாம். கணுவின் இடைவெளி வேறாகுமா? கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன்.

வெயில் கண்ணைக் கூசுகிறது. நிழலில் கால் வைத்த இடமெல்லாம் தண்ணீர்போல் குளிர். மரத்தின் அடியில் அத்தான் ஒவ்வோர் ஆண்டும் குளிருக்கு முன்னால் குவிக்கும் மண்மேடு. சாணமும் இலைமக்கும் கலந்து, முழங்கால் உயரத்துக்கு அடிமரத்தைச் சுற்றிக் குவித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகுவார். “குளிரும், பாவம்” என்பார். போர்வையை இழுத்துப் போர்த்திவிடுகிற கை அது. எனக்கு அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காது. அந்த நேரத்தில் உள்ளே போய்விடுவேன். மழையில் மேடு கரையக் கரைய மேலும் மேலும் குவித்து, இப்போது அது மரத்தோடு பிறந்ததுபோல் இறுகிவிட்டது. அதற்குள்ளிருந்துதான், அடிமரத்தை ஒட்டியே நிமிர்ந்து, அந்த உயிருள்ள கிளை எழுகிறது. எங்கிருந்து எழுகிறது? மேட்டுக்குமேல் பார்த்தால் மரத்திலிருந்துதான். நான் மண்டியிட்டுக் கையால் பறிக்கத் தொடங்கினேன். நகத்துக்குள் சாணம். மேலே பொருக்கு, அதன்கீழ் ஈரம், ஈரத்துக்குள் வெள்ளைப் புழுக்கள். அக்காவை எரித்தார்கள், புதைக்கவில்லை. அப்படியிருந்தும் இந்த மண்ணைக் கிளறும்போது எதையோ தொட்டுவிடப்போகிறேன் என்று விரல்கள் பின்வாங்குகின்றன. தொட்டேன். முட்டியைப்போல் புடைத்த ஒன்று. மண்ணை வழித்துவிட்டுப் பார்க்கிறேன்: கறுத்து, நொதித்து, விரலை அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மெத்தென்று அழுகிய ஒட்டு. அதற்குமேல் உள்ள அடிமரம் முழுதும் செத்துவிட்டது. பட்டையை உரித்தால் உள்ளே தவிட்டு நிறம். அதற்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், பட்டை வழவழப்பாக, செம்மண் நிறத்தில் உயிரோடிருக்கிறது; அங்கிருந்துதான் அந்தக் கிளை புறப்பட்டிருக்கிறது. நகத்தால் கீறினேன். பச்சை. அவ்வளவு பச்சையை இந்தத் தை மாதத்தில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மண்ணில் மண்டியிட்டபடி, அக்காவின் சுவெட்டரின் கைப்பகுதியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். காட்டு பீச். காலாக மட்டும் இருக்கவேண்டியது. அதன் பூவை வத்சலாவின் பூ என்று பார்த்து, அதன் காயை வத்சலாவின் பழம் என்று தின்று, கடைசியில் அதன் குச்சியை வெட்டி, இன்னொரு காட்டு பீச்சின்மேல் ஒட்ட ஆள் அழைக்கப் போயிருக்கிறார். குளிருமே என்று குவித்த மண்தான் ஒட்டை அழுகவைத்தது. கீழிருந்து வந்த துளிரையும் அதே மண்தான் மறைத்துக் காத்தது. சிரிப்பு நின்றது. ஆகவே அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை எங்கே மாட்டினாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. கசந்தவள் அவளல்லள். கூரையைக் கீறியவளும் அவளல்லள். மூன்று வருடமாக நான் யாருக்குப் பயந்தேன்? யாரோடு வாதாடினேன்? இருக்கிறாள் என்று பயந்தது பெரிதன்று, அவள் இங்கே இல்லவே இல்லை என்பதுதான் இப்போது முதுகில் ஊர்கிறது. தோட்டம் முழுதும் வெறும் வெயில். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்காத இடத்தில் நான் இத்தனை காலம் ஒடுங்கி ஒடுங்கி நடந்திருக்கிறேன். அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். யாரும் விலை கொடுத்து வாங்காதது. யாரும் பெயர் கேட்காதது. மேலே இருந்தவள் பூத்த காலமெல்லாம் கீழே நின்று தண்ணீர் கொடுத்தது. இதை மேலும் நினைத்தால் எங்கே போய் முடியும் என்று தெரிகிறது. ஆகவே நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்து கையைக் கழுவினேன்.

சொல்லாமலிருந்தால்? அத்தானின் கண்ணில் புரை. கணுவையும் மொட்டையும் அவர் பார்க்கப்போவதில்லை. ஆரோக்கியமோ, கொடுத்த குச்சியை ஒட்டிவிட்டுப் போகிற ஆள். மூன்றாம் வருடம் சின்னச்சின்னதாக, கிள்ளிய கன்னம்போல் பூக்கும். அத்தான் அதன் அடியில் நிற்பார். அதே ருசி என்பார். ஒருவர் மகிழ்ச்சியாக இருப்பதற்கு ஒரு மரம் வேறு மரமாக இருந்தால் என்ன? என் சுவெட்டர் எனதாக இல்லாததுபோல, என் பெயர் எனதாக இல்லாததுபோல. ஆனால் துணி காயும் மூலையில், காலைதோறும் என் கண்முன்னால் அந்தப் பொய் தழைத்து நிற்கும். அதன் நிழலில் என் புடவை காயாது. சொல்லிவிட்டால்? சொல்லிவிட்டால் குழி காலியாகும். மஞ்சள் பீச் வரும். இங்கேதான் எனக்குத் தடுக்குகிறது. அவருக்காகச் சொல்கிறேனா, குழிக்காகச் சொல்கிறேனா? உண்மையைச் சொல்வதால் எனக்கு லாபம் வருமானால், அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? குழி வேண்டாம் என்று முதலில் விட்டுவிட்டுப் பிறகு சொல்லலாம். விட்டுவிட்டேனா என்று எப்படித் தெரியும்? விடவில்லை. முழங்கைவரை வழிந்த அந்தச் சாறு நினைவிலிருக்கிறது. விடவில்லை. சாக்கின்மேல் கையை வைத்துப் பார்க்கிறேன். மறுபடியும் உலரத் தொடங்கியிருக்கிறது. இப்போது இவை காய்ந்து செத்தால் நான் ஒன்றும் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அது என் கையால் செத்ததாகும். அவர் காலமெல்லாம் அக்காவின் மரத்தை நான் காயவிட்டேன் என்றே நினைத்திருப்பார். இல்லாத ஒன்றைக் கொன்ற பழி. அது வேண்டாம். தண்ணீர் தெளித்தேன். மறுபடியும் தெளித்தேன். அவர் வருகிறவரை இவை உயிரோடிருக்கவேண்டும். பிறகு என்னவானாலும் ஆகட்டும். மண் படிந்த முழங்காலோடு, சாக்கின்மேல் ஒரு கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே பனிப்புகை இல்லாத மலை, வெட்டிவைத்ததுபோல் இருக்கிறது.

வாசற்படல் திறக்கும் ஒலி. ஆரோக்கியத்தின் குரல்தான் முதலில் வருகிறது. “அம்மா, ஒரு டீ போடுங்க முதல்லே. பஸ்ஸிலே சார் ஒரு நிமிஷம் வாயை மூடலை. குச்சி, குச்சி, குச்சி. கண்டக்டரே கேக்கிறான், என்ன பெரியவரே, பொண்ணு பாக்கவா போறீங்கன்னு.” அத்தான் சிரித்துக்கொண்டே வருகிறார், மேட்டில் ஏறியதால் மூச்சு வாங்குகிறது, கண்கள்மட்டும் நேரே மேசைக்குப் போகின்றன. சாக்கைத் தொட்டுப் பார்த்து, “நல்லா ஈரமாத்தான் இருக்கு” என்று என்னைப் பாராட்டுவதுபோல் தலையசைக்கிறார். பிரித்துக் குச்சிகளை ஒருகையில் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். ஆரோக்கியம் கையைக் கழுவிவிட்டு, இடுப்புப் பையிலிருந்து ஒட்டுக்கத்தியை எடுத்து விரிக்கிறார்.

“கொஞ்சம் இருங்க” என்கிறேன். என் குரல் எனக்கே புதியதாகக் கேட்கிறது. “அத்தான், இது அக்காவோட மரம் இல்லை.”

“என்ன சொல்றே?”

“இந்தக் கிளை ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்திருக்கு. நான் மண்ணைப் பறிச்சுப் பாத்தேன். இது காட்டு பீச். அக்கா வெச்சது செத்துப்போச்சு.”

“காய்ச்சுதே. போன வருஷங்கூடத் தின்னேனே நான்.”

“நீங்க தின்னது இதோட காய்.”

“உனக்கு என்ன தெரியும் இதைப்பத்தியெல்லாம்?” அவர் குரல் உயரவில்லை, உண்மையாகவே கேட்கிறார். நான் எங்கே தெரிந்துகொண்டேன் என்று சொல்லலாம். பெனிட்டாவை, மஞ்சள் பழத்தை, எடுத்துவைத்திருக்கும் கன்றை எல்லாம் சொல்லிவிடலாம். அவை நாக்கின் நுனிவரை வந்துவிட்டன. “அந்த மூலைக்கு வேறே ஒரு கன்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்காக. ஆனா இதை அதுக்காகச் சொல்லலை” என்கிறேன். பிறகு, “அதுக்காகவும்தான் சொல்றேன்” என்கிறேன்.

ஆரோக்கியம் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பின்கதவு வழியாக வெளியே போகிறார். மண்ணில் கத்தி உரசும் ஒலி கேட்கிறது. அத்தான் அசையவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அறுவைக்கூடத்தின் கதவைப் பார்ப்பதுபோல். ஆரோக்கியம் திரும்பிவந்து நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறார். டீயைப்பற்றிய பேச்சில்லை. “ஆமா சார்” என்கிறார். அத்தான் நான் எழுந்த நாற்காலியில் உட்காருகிறார். குச்சிகளை மடிமேல் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார். தந்தி வந்த வீட்டில், படித்துச் சொன்னவரிடம் கேட்பதைப்போல் என்னிடம் கேட்கிறார்.

“எப்போ?”

கிளை கிளையாக, பூப்பூவாக எனக்குக் கணக்குச் சொல்ல முடியும். எந்த வருடம் எந்தக் கிளை துளிர்க்கவில்லை என்று சொல்ல முடியும். அவர் கேட்பது அதுவன்று.

“தெரியலை அத்தான்” என்கிறேன். “நாம பாத்துக்கிட்டிருக்கும்போதேதான்.”

ஆரோக்கியம் கத்தியை மடக்கிப் பைக்குள் வைக்கிறார். அத்தான்மட்டும் குச்சிகளைக் கீழே வைக்கவில்லை. மேசைமேல் விரிந்து கிடக்கும் சாக்கின்மேல் வெயில் முழுதாக ஏறிவிட்டது. ஓரங்களிலிருந்து நடுவுக்கு அது வெளிறிக்கொண்டே வருகிறது. அதை நனைக்க நான் சொம்பை எடுக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.